ஒரே சர்வர், உள்ளூர் டிஸ்க், நாலைந்து வி.எம்.: பேக்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய அலுவலகங்களில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது வி.எம்.களை, ஓட்டும் மென்பொருள்) போட்ட ஒற்றை சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு பெட்டி, அதற்குள்ளேயே டிஸ்குகள், அதில் ஒரு விண்டோஸ் சர்வர், ஒரு கணக்கு மென்பொருள், ஒரு டேட்டாபேஸ், ஏதாவது ஒரு லினக்ஸ். எல்லோரும் கேட்கும் சந்தேகங்களும் ஒன்றே. தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

ரெய்டு போட்டிருக்கோமே, அப்புறம் எதுக்குத் தனியா பேக்கப்?

ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதி, ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் ரெய்டு. நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் ஃபைல்களைப் பூட்டினால் இரண்டிலும் பூட்டும். மின்சார அதிர்ச்சியில் பவர் சப்ளை போகும்போது இரண்டு டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோன சர்வரை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். ரெய்டு கட்டாயம் இருக்கட்டும். நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்றால் அதால் எதுவும் செய்ய முடியாது.

தினமும் ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கிறேன். அது பேக்கப் இல்லையா?

இல்லை. ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்கின் அந்த நேர நிலையைக் குறித்து வைப்பது. அது அதே டிஸ்கில், அதே பூலில் (வி.எம். டிஸ்குகளுக்கான பொதுச் சேமிப்பிடத்தில்) உட்கார்ந்திருக்கிறது. மாறாத பிளாக்குகளை மூல டிஸ்கோடு பகிர்ந்துகொள்வதால்தான் ஒரு நொடியில் எடுக்க முடிகிறது. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும்.

விண்டோஸ் அப்டேட்டுக்கு முன், மென்பொருள் புதுப்பிப்புக்கு முன் ஒன்று எடுத்துக்கொண்டு, வேலை சரியாக முடிந்ததும் அழித்துவிடுங்கள். அதற்கு அது அருமையான வசதி. மாதக்கணக்கில் விட்டுவைப்பதில்தான் ஆபத்து. எல்விஎம்-தின் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிடும் ஒரு முறை) பூலில் பழைய ஸ்னாப்ஷாட்டுகள் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும். பூல் முழுதாக நிரம்பிவிட்டால் அதில் இருக்கும் எல்லா வி.எம்.களாலும் டிஸ்கில் எழுத முடியாமல் போகும், ஃபைல் சிஸ்டமே கெடலாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் எடுக்கும்போது வி.எம்.மின் இப்போதைய நிலையை மட்டும்தான் எடுக்கிறது. பழைய ஸ்னாப்ஷாட்டுகள் அதில் சேராது.

பேக்கப் ஜாப் தினமும் ஓடுது, ஓகே-ன்னு வருது. ஆனா அது எங்க போய் உக்காருதுன்னு தெரியலை.

இதை உடனே பாருங்கள். பிராக்ஸ்மாக்ஸை நிறுவியதும் ‘லோக்கல்’ என்ற பெயரில் ஒரு சேமிப்பிடம் தானாக வரும். அது ஹோஸ்டின் (பிராக்ஸ்மாக்ஸ் ஓடும் சர்வரின்) ரூட் டிஸ்கில், அதாவது சிஸ்டம் இருக்கும் டிஸ்கில், ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். பேக்கப் ஜாப் போடும்போது கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் அங்கேதான் போகும். வி.எம்.மும் அதன் பேக்கப்பும் ஒரே டிஸ்கில் இருக்கும்.

இதில் இரண்டு தீமைகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்து போகும் என்பது ஒன்று. ரூட் பகுதி நிரம்பினால் ஹோஸ்டே தடுமாறும் என்பது மற்றொன்று. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ஒரே ஒரு எஸ்எஸ்டி. எட்டு மாதமாக ஒரு நாள்கூடத் தவறாமல் பேக்கப் ஓடியிருந்தது, எல்லாம் அந்த எஸ்எஸ்டிக்குள்ளேயே. அது ஒரு திங்கட்கிழமை காலை நின்றுபோனது. அன்றிலிருந்து எந்த சர்வரைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

சரி, எங்களுக்கு எந்த முறை பொருந்தும்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் முடியாது, ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னால் பாதி முடிவு வந்துவிடும். எத்தனை மணி நேர வேலை போனால் தாங்குவீர்கள்? சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும்? இவற்றைத் தொழில்நுட்பம் தெரிந்தவரிடம் கேட்காதீர்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடமும் கணக்கு எழுதுபவரிடமும் கேளுங்கள். ‘ஒரு நாள் பில்லை மறுபடி போட்டுக்கொள்வோம்’ என்று அவர்கள் சொன்னால் இரவு ஒரு பேக்கப் போதும். ‘ஒரு மணி நேரம் போனாலே சிக்கல்’ என்றால் வேறு ஏற்பாடு வேண்டும்.

என் அனுபவத்தில் மொத்தம் 200, 300 ஜிபி அளவுள்ள இடங்களுக்கு வேறொரு பெட்டியில் இருக்கும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்பகம்) போதுமானது. அதைத் தாண்டினாலோ, நாளுக்குப் பலமுறை எடுக்க வேண்டியிருந்தாலோ பேக்கப்புக்கென்றே உள்ள தனி மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்தான் என் தேர்வு. இரண்டிலும் கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி கட்டாயம். காரணங்கள் கீழே வருகின்றன.

ஸ்னாப்ஷாட், சஸ்பெண்ட், ஸ்டாப்னு மூணு மோட் காட்டுது. எதை எடுக்கிறது?

பெரும்பாலானோருக்கு ஸ்னாப்ஷாட் மோட். பெயரில் குழம்ப வேண்டாம். மேலே பேசிய ஸ்னாப்ஷாட் வேறு, இது வேறு. வி.எம். பேக்கப்பில் இந்த மோட் டிஸ்க் சேமிப்பின் ஸ்னாப்ஷாட் வசதியைப் பயன்படுத்துவதில்லை. வி.எம்.மை இயக்கும் கியூஎமு நிரலே, அது ஓடிக்கொண்டிருக்கும்போது பிளாக் பிளாக்காகப் படித்து அனுப்புகிறது. இன்னும் அனுப்பாத ஒரு பிளாக்கின் மேல் வி.எம். எழுத வந்தால், பழையதை முதலில் பேக்கப்புக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் எழுத விடும். அதனால் ஸ்னாப்ஷாட் வசதியே இல்லாத சாதாரண ரா டிஸ்கிலும் இது வேலை செய்யும். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேகம் பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

ஸ்டாப் மோட் வி.எம்.மை முறையாக ஷட்டவுன் செய்து, பேக்கப்பைத் தொடங்கியதும் மறுபடி ஓடவிடும். சில நிமிடத் தடங்கல் பரவாயில்லை, தரவு சுத்தமாக வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. சஸ்பெண்ட் மோடை வி.எம்.களுக்கு விட்டுவிடலாம். பழைய வழக்கத்துக்காக வைத்திருக்கிறார்கள், நிறுத்தும் நேரம் கூடுமே தவிர பெரிய பலன் இல்லை.

கன்டெய்னர்களுக்கு (ஹோஸ்டின் லினக்ஸையே பகிர்ந்துகொண்டு ஓடும் இலகுவான அமைப்புகளுக்கு) கணக்கு வேறு. அங்கே ஸ்னாப்ஷாட் மோடுக்கு டிஸ்க் சேமிப்பே ஸ்னாப்ஷாட்டை ஆதரிக்க வேண்டும்.

வி.எம். ஓடிக்கிட்டே இருக்கும்போது எடுத்தா டேட்டாபேஸ் கெட்டுப்போகாதா?

எதுவும் செய்யாமல் எடுத்தால், அந்த பேக்கப் திடீரென்று கரண்ட் போன கணினியின் டிஸ்க் மாதிரி இருக்கும். போஸ்ட்கிரெஸ், மைசீக்வெல்லின் இன்னோடிபி போன்றவை அந்த நிலையிலிருந்து தாமாக எழுந்துவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. எல்லா மென்பொருளும் அப்படி அல்ல.

முதல் வேலை, வி.எம்.முக்குள் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட்டை (ஹோஸ்டோடு பேசும் ஒரு சிறு நிரலை) நிறுவுங்கள். விண்டோஸுக்கு அது விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவிலேயே இருக்கிறது. பிறகு பிராக்ஸ்மாக்ஸில் அந்த வி.எம்.மின் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை இயக்குங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் இது நடைமுறைக்கு வராது, முழுதாக அணைத்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். இதைச் செய்ததும், பேக்கப் தொடங்கும் நொடியில் ஏஜென்ட் ஃபைல் சிஸ்டத்தைச் சற்று உறைய வைத்து, நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதச் செய்து, பிறகு விடுவிக்கும். விண்டோஸில் இது விஎஸ்எஸ் என்ற அதன் சொந்த வசதி வழியாக நடக்கிறது.

இரண்டாவது வேலை, டேட்டாபேஸை அதன் சொந்த வழியிலும் ஒருமுறை எடுங்கள். வி.எம். பேக்கப் ஓடுவதற்கு அரை மணி முன்னால், உள்ளேயே ஒரு டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் எழுதிய ஒரு ஃபைல்) எடுத்து வைத்தால் அதுவும் வி.எம்.மோடு சேர்ந்து வெளியே போய்விடும். டேலி வைத்திருப்பவர்கள் டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியையும் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு கம்பெனியின் கணக்கைத் திரும்பக் கொண்டுவர முழு விண்டோஸையும் மீட்க வேண்டிய அவசியம் இருக்காது.

யூஎஸ்பி டிஸ்க் ஒண்ணு மாட்டி அதுல எடுத்தா போதுமா?

எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், சர்வரோடு சேர்ந்தே திருட்டுப் போகும், சேர்ந்தே நனையும். இரண்டு டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சர்வரில், ஒன்று வீட்டில். வெள்ளிக்கிழமை மாற்றுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. யூஎஸ்பி டிஸ்கை ஒரு ஃபோல்டராக பிராக்ஸ்மாக்ஸில் சேர்த்தால், டிஸ்க் கழன்றிருந்தாலும் அந்த ஃபோல்டர் இருக்கும். பேக்கப் சத்தமில்லாமல் ரூட் டிஸ்கில் எழுதி அதை நிரப்பிவிடும். சேமிப்பிட அமைப்பில் ‘இது மவுன்ட் பாயின்ட்’ (டிஸ்க் வந்து இணையும் இடம்) என்று குறிக்கும் ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் டிஸ்க் இல்லாத அன்று பேக்கப் தவறு காட்டி நின்றுவிடும். தவறு காட்டுவதுதான் நமக்கு வேண்டும்.

நாஸ் இருக்கு. அதுக்கு நேரா அனுப்பினா என்ன குறை?

அமைப்பது எளிது, மீட்பதும் எளிது, ஒவ்வொரு பேக்கப்பும் தனித்தனி ஃபைல். ஃபைலை எந்த பிராக்ஸ்மாக்ஸுக்குக் கொண்டுபோனாலும் திறக்கும். குறை என்னவென்றால் ஒவ்வொரு முறையும் முழுதாக எடுக்கும். ஏழு நாள் வைத்திருந்தால் ஏழு முழுப் பிரதி.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி அளவு போகும். ஒரு டிபிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். சுவிட்ச் பழைய 100 மெகாபிட் வகை என்றால் அதே ஒரு டிபிக்கு ஒரு நாள் முழுதும் போதாது. ‘பேக்கப் காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது’ என்று கூப்பிட்ட இரண்டு இடங்களில் போய்ப் பார்த்தால் மூலையில் அப்படி ஒரு சுவிட்ச்தான் இருந்தது. மீட்கும்போதும் இதே நேரம் ஆகும் என்பதை மறக்காதீர்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர்ங்கிறாங்களே, அதுல என்ன விசேஷம்? சின்ன ஆபீஸுக்கு அது தேவையா?

2020 நவம்பரில் முதல் நிலையான பதிப்பு வந்தது. இலவசமாகவே பயன்படுத்தலாம், கட்டணச் சந்தா விருப்பம்தான். வி.எம். டிஸ்கை 4 எம்ஐபி (ஏறத்தாழ 4 எம்பி) துண்டுகளாகப் பார்க்கிறது. ஏற்கெனவே அங்கே இருக்கும் துண்டை மறுபடி வைப்பதில்லை. முதல் நாள் முழுதாகப் போகும், அடுத்த நாளிலிருந்து மாறியது மட்டும். ஐந்து வி.எம்.களிலும் ஒரே விண்டோஸ் இருந்தால் அவற்றின் பொதுத் துண்டுகளும் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். ஆனாலும் ஒவ்வொரு நாளின் பேக்கப்பும் முழுமையானது. நடுவில் ஒரு நாளை அழித்தால் மற்றவை பாதிக்கப்படாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு ஒன்று: பேக்கப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு ஃபைலை உலாவியிலேயே திறந்து எடுத்துக்கொள்ளலாம். அலுவலகங்களில் மாதம் ஒருமுறை வரும் கோரிக்கை அதுதான், யாரோ ஒரு எக்செல் ஃபைலை அழித்திருப்பார்கள். பழைய மேசைக் கணினி ஒன்றும் இரண்டு டிஸ்கும் இருந்தால் போதும். முடிந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். இலட்சக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடும்போது சுழலும் டிஸ்க் மிகவும் திணறும். அதே காரணத்தால் இதன் சேமிப்பை ஒரு நாஸின் பகிர்வு ஃபோல்டரில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

தனியா ஒரு மிஷின் எதுக்கு? அதே சர்வர்ல ஒரு வி.எம்.மா பேக்கப் சர்வரைப் போட்டுடலாமே?

போடலாம், ஓடும். ஆனால் சர்வர் எரிந்த அன்று பேக்கப்பும் அதற்குள்ளேயே இருக்கும். ‘லோக்கல்’ சேமிப்பிடம் பற்றி மேலே சொன்ன அதே சிக்கல், வேறு உருவத்தில். வேறு வழியே இல்லை என்றால், அதன் தரவு டிஸ்கையாவது வெளியே கழற்றக்கூடியதாக வையுங்கள். பதிப்பு 3.3 முதல் கழற்றி மாட்டும் டிஸ்குகளுக்கு நேரடி ஆதரவு இருக்கிறது.

நேத்து பேக்கப் ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சுது. இன்னைக்கு மறுபடி முழு டிஸ்கையும் படிக்குது. ஏன்?

நேற்றிரவுக்குப் பிறகு யாரோ அந்த வி.எம்.மை அணைத்து ஆன் செய்திருக்கிறார்கள். எந்தெந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பை கியூஎமு தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. வி.எம். நின்றால் அந்தக் குறிப்பு போய்விடும். அப்போது முழு டிஸ்கையும் படித்துப் பார்த்துத்தான் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆனாலும் பேக்கப் சர்வரில் இல்லாத துண்டுகள் மட்டுமே நெட்வொர்க்கில் போகும், இடமும் கூடுதலாகப் பிடிக்காது. விண்டோஸுக்குள்ளிருந்து செய்யும் ரீஸ்டார்ட்டால் இந்தக் குறிப்பு அழியாது.

ஸ்டாப் மோட் எடுத்தவர்களுக்குத் தினமும் இப்படித்தான் நடக்கும், ஏனென்றால் தினமும் வி.எம். நிற்கிறது.

பழைய பேக்கப்பையெல்லாம் அழிச்சேன். இடம் கொஞ்சம்கூடத் திரும்ப வரலை!

பேக்கப் சர்வரில் அழிப்பது இரண்டு படி. புரூன் என்பது பட்டியலிலிருந்து அந்த நாளை நீக்குகிறது. துண்டுகள் அப்படியே இருக்கும், ஏனென்றால் வேறொரு நாளும் அதே துண்டைப் பயன்படுத்தலாம். யாருக்கும் தேவைப்படாத துண்டுகளைக் கண்டுபிடித்து அழிப்பது கார்பேஜ் கலெக்ஷன் என்ற தனி வேலை. அதுவும் பாதுகாப்புக்காக, வழக்கமான அமைப்பில், கடைசியாகத் தொட்டு 24 மணி 5 நிமிடம் தாண்டிய துண்டுகளை மட்டுமே நீக்கும். அதனால் இன்று அழித்த இடம் நாளைக்குப் பிறகுதான் வரும். டிஸ்க் 100 சதவீதம் நிரம்பும் வரை காத்திருந்து அழிக்கத் தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 80-ஐத் தொட்டதும் கவனியுங்கள்.

வி.எம்.முக்குள்ள 60 ஜிபிதான் இருக்கு. பேக்கப் ஏன் 250 ஜிபி?

அழித்த ஃபைல்கள். விண்டோஸ் அவற்றை மறந்துவிட்டது, டிஸ்க் மறக்கவில்லை. வி.எம். டிஸ்கின் அமைப்பில் டிஸ்கார்டை இயக்கி, உள்ளே டிரிம் (எந்த இடம் காலி என்று டிஸ்குக்குச் சொல்லும் வேலை) ஓடவிடுங்கள். காலிப் பகுதிகள் உண்மையிலேயே காலியாகும், பேக்கப் சுருங்கும்.

பேக்கப் ஓடுற நேரத்துல பில்லிங் அப்படியே நின்னு நின்னு போகுது.

ஸ்னாப்ஷாட் மோட் எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன் அல்லவா? எழுத வரும் இடத்தின் பழைய பிளாக் முதலில் பேக்கப்புக்குப் போக வேண்டும். பேக்கப் போகும் இடம் மெதுவாக இருந்தால் வி.எம்.மின் எழுத்தும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். பகலில் எடுப்பவர்களுக்கு, பழைய நாஸுக்கு அனுப்புபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

2024-இல் வந்த பிராக்ஸ்மாக்ஸ் 8.2-இலிருந்து ஃப்ளீசிங் என்ற வசதி இருக்கிறது. பழைய பிளாக்கை உள்ளூர் வேக டிஸ்கில் தற்காலிகமாக வைத்துவிட்டு வி.எம்.மை உடனே எழுத விடும், பேக்கப் பிறகு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். உள்ளூர் எஸ்எஸ்டி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். பூலில் போதிய காலி இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேகக் கட்டுப்பாடு போடுவதும் உதவும், ஆனால் அது உள்ளூர் டிஸ்கைப் படிக்கும் சுமையைக் குறைக்குமே தவிர, மெதுவான நாஸை வேகமாக்காது.

எங்ககிட்ட ரெண்டு சர்வர், ரெண்டுலயும் இசட்எஃப்எஸ். ரெப்ளிகேஷன் போட்டாச்சு. பேக்கப்பை நிறுத்திடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இசட்எஃப்எஸ் என்ற டிஸ்க் முறையின் மேல் ஓடும் ரெப்ளிகேஷன் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்களை அடுத்த சர்வருக்கு அனுப்புகிறது. ஒரு சர்வர் விழுந்தால் மற்றதில் சில நிமிடங்களில் எழுப்பிவிடலாம். ஒரு மணி நேர இழப்பே அதிகம் என்று சொன்னவர்களுக்கான பதில் இதுதான். ஆனால் அழித்ததும் கெட்டுப்போனதும் அதே 15 நிமிடத்தில் அங்கேயும் போய்ச் சேரும். போன மாதம் அழிந்த ஃபைல் அங்கே கிடைக்காது. ரெய்டு பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ரான்சம்வேர் வந்தா பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிடுமாமே?

நாஸின் பகிர்வு ஃபோல்டரில், எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்லோடு வைத்திருந்தால், ஆம். பேக்கப் சர்வரில் இதைத் தடுக்கலாம். பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டுக்கு அங்கே தனியாக ஒரு கணக்கு உருவாக்கி, பேக்கப் எடுக்கும் உரிமை மட்டும் கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். பழையதை நீக்கும் வேலையை பேக்கப் சர்வரே செய்யட்டும். ஹோஸ்டின் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லையே அங்கும் வைக்காதீர்கள். கழற்றி வீட்டில் வைத்த டிஸ்கை எந்த வைரஸும் தொட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்கிரிப்ஷன் போடுபவர்கள் சாவியை சர்வருக்கு வெளியே, காகிதத்தில் அச்சிட்டும் வையுங்கள். சாவி ஹோஸ்டில் மட்டும் இருந்து ஹோஸ்ட் போனால் பேக்கப் முழுதாக இருந்தும் யாராலும் திறக்க முடியாது.

எல்லா வி.எம்.மும் பேக்கப்ல இருக்கு. ஹோஸ்டே போயிட்டா?

புதிதாக பிராக்ஸ்மாக்ஸை நிறுவி, பேக்கப் இடத்தை இணைத்து, ஒவ்வொன்றாக மீட்கலாம். வி.எம்.மின் அமைப்பு பேக்கப்புக்குள்ளேயே இருக்கிறது. ஹோஸ்டின் சொந்த அமைப்புதான் எங்கேயும் இருக்காது: நெட்வொர்க் பிரிட்ஜ், விலான், சேமிப்பிடப் பட்டியல், ஜாப் அட்டவணை. அந்தச் சில ஃபைல்களைத் தனியே பிரதி எடுத்து வைத்தால் அரை நாள் மிச்சம். கன்டெய்னரில் ரூட் தவிரக் கூடுதல் மவுன்ட் பாயின்ட் வைத்திருந்தால் அவை தாமாக பேக்கப்பில் சேர்வதில்லை, ஒவ்வொன்றிலும் பேக்கப் குறியைப் போட வேண்டும். ஹோஸ்டின் ஃபோல்டரை நேரடியாக இணைத்திருந்தால் அது எப்படியும் சேராது.

ரீஸ்டோர் டெஸ்ட் பண்ணச் சொல்றீங்க. ஜாப்தான் தினமும் ஓகே-ன்னு வருதே?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் (மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை) நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக உண்மையான டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினார்கள். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 9.6 ஓடிய இடத்தில் 9.2-இன் டம்ப் நிரல் ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, பேக்கப் போக வேண்டிய கிளவுட் இடம் காலி. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றியுடையவன். அத்தனை பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இப்படி என்றால் நம் ஒற்றை சர்வருக்குச் சோதனை இன்னும் அவசியம்.

பேக்கப் சர்வரில் வெரிஃபை ஜாப் போட்டு வையுங்கள், துண்டுகள் கெடாமல் இருக்கின்றனவா என்று அது பார்க்கும். ஆனால் விண்டோஸ் பூட் ஆகுமா, கணக்கு மென்பொருள் திறக்குமா என்று அதற்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வி.எம்.மையாவது மீட்டு, லாகின் செய்து, கடைசி பில் எண்ணைப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் குறியுங்கள்.

டெஸ்டுக்கு ரீஸ்டோர் பண்ணினேன், ஒரிஜினல் சர்வர் நெட்வொர்க்லேருந்து காணாமப் போச்சு!

அதே ஐபி, அதே மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணோடு) இரண்டு எந்திரங்கள் ஒரே நெட்வொர்க்கில் எழுந்திருக்கின்றன. மீட்கும்போது புதிய வி.எம். எண் கொடுங்கள், ‘யுனீக்’ என்ற கட்டத்தைக் குறியுங்கள், மேக் முகவரி மாறும். ஐபி மாறாது. அதனால் மீட்டு முடிந்ததும் ஆன் செய்வதற்கு முன்னால், அந்த வி.எம்.மின் நெட்வொர்க் கார்டைத் திறந்து ‘டிஸ்கனெக்ட்’ குறியைப் போடுங்கள். தானாகத் தொடங்கும் விருப்பத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹோஸ்ட் அடுத்த முறை ரீஸ்டார்ட் ஆகும்போது அதுவும் சேர்ந்து எழுந்துவிடும். சோதனையைக் கன்சோல் வழியாகவே முடித்துவிட்டு, வி.எம்.மை அன்றே அழியுங்கள். அழிக்கும் முன் எண்ணை இரண்டு முறை படியுங்கள்.